பின்பக்கம் சத்தமா, ஆட்டமா? அடாப்டிவ் சஸ்பென்ஷன் கார்களில் பழுது தேடும் வழி

போன ஆடி மாசம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி கார் கொண்டு வந்தார். "ஏனுங்கண்ணா, பின்னாடி ரெண்டு ஷாக்கும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. விலையக் கேட்டா மயக்கம் வருதுங்க. ஒருக்கா நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். ஷாக் அப்சார்பர் இரண்டும் நன்றாகவே இருந்தன. அடாப்டிவ் சஸ்பென்ஷன் என்றால் ஷாக்கின் விறைப்பை மின்சாரத்தால் மாற்றும் ஏற்பாடு, அதனால் ஒவ்வொரு ஷாக்குக்கும் ஒயர் போகும். வலதுபக்க ஷாக்குக்குப் போகும் ஒயர் மட்டும், புதிதாக மாட்டிய சைலன்சர் குழாய்க்கு ஒரு விரல் தள்ளி ஓடியது. சூட்டில் மேல்தோல் உருகி, உள்ளே செம்பு தெரிந்தது. அந்த ஒயரை மாற்றி, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயை விட்டு ஒதுக்கிக் கட்டினோம். பிழைக் குறியீட்டை அழித்த பிறகு எச்சரிக்கை விளக்கு திரும்ப வரவில்லை.

திருப்பூரில் லைன் வீடு பார்த்திருப்பீர்கள். வரிசையாக வீடுகள், நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால் ஈரம் உங்கள் வீட்டுச் சுவரில் தெரியும். வேகக் கார்களின் பின்பக்கமும் அப்படித்தான். நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட். ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்திருக்கும் நாலைந்து ஆர்ம்கள். அவற்றுக்கு இடையில் ஸ்பிரிங், ஷாக், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார். ஓரமாக சைலன்சர். சற்று முன்னால், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சக்தி கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இரு பக்கமும் குதிரைச் சேணம் மாதிரி கவிந்த பெட்ரோல் டேங்க். டிஃபரன்ஷியல் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் வகையென்றால் அதன் மேல் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ கூடுதலாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்டும் கூடவே ஆடும். அது எதிலும் உரசக்கூடாது. டிக்கித் தளமும் உயரக்கூடாது. அதனால்தான் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற கார்களில் பின்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றாக வைக்காமல் தனித்தனி இடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதனால் தொல்லை தெரியும் இடமும் தொல்லை இருக்கும் இடமும் பல சமயம் வேறு வேறாக இருக்கும். விலை உயர்ந்த பாகத்தைக் கழற்றுவதற்கு முன் அதன் பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இதை மனதில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று வேலை. பேட்டரி வோல்ட் பாருங்கள். வாரக் கணக்கில் ஷெட்டில் நின்ற கார், பேட்டரி இறங்கியதாலேயே சேஸி எச்சரிக்கை காட்டும். அடுத்து நாலு டயரின் காற்று, அளவு, தேய்மானம். மூன்றாவது, வண்டிக்காரரிடம் கேட்கும் கேள்வி: "கடைசியா பின்பக்கம் யார் கை வெச்சாங்க, என்ன வேலை பாத்தாங்க?" ஸ்கேனர் சொல்லாத பாதிக் கதை அந்தப் பதிலில் வந்துவிடும்.

மோடு (கம்ஃபர்ட், ஸ்போர்ட்) மாற்றினாலும் ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை, அல்லது சேஸி விளக்கு எரிகிறது

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை ஷாக் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் ஷாக்குக்குள்ளோ அதன் பக்கவாட்டிலோ ஒரு சோலினாய்டு வால்வு இருக்கும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஆயில் போகும் வழி குறுகும், விரியும். இன்னொரு வகை காந்த ஆயில். ஆயிலில் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும், பிஸ்டனில் ஒரு சுருள் கம்பி. மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் வரிசையாக நின்று ஆயில் கெட்டிப்படும். 2002இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதலில் வந்தது. பிறகு கார்வெட், ஆடி டிடி, ஃபெராரி 599 என்று பரவியது.

இந்த வித்தியாசம் பழுது தேட உதவும். காந்த ஆயில் ஷாக்குக்கு மின்சாரம் நின்றால் அது வெறும் ஆயில்தான், அந்தப் பக்கம் மெத்தென்று ஆகி, வேகத்தடை தாண்டிய பிறகும் மிதக்கும். சோலினாய்டு வகையில் மின்சாரம் நின்றால் ஒரு பாதுகாப்பு நிலைக்குப் போய் நிற்கும். சில கார்களில் அது நடுத்தரம், சிலவற்றில் நல்ல விறைப்பு. "கம்ஃபர்ட் போட்டாலும் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்று வருபவர்கள் பெரும்பாலும் இந்தச் சோலினாய்டு வகை.

ஸ்கேனரில் எந்தச் சக்கரம் என்று காட்டிவிடும். அந்தச் சக்கரத்தின் ஷாக்கை உடனே குற்றவாளி ஆக்க வேண்டாம். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து ஷாக் பக்கம் அளந்து பாருங்கள். பொதுவாகச் சில ஓம்தான் வரும். அந்த எண்ணைவிட, நல்ல பக்கத்து ஷாக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஷாக்கின் சுருள் நன்றாக இருக்கிறது, ஒயரைப் பின்தொடருங்கள். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, சைலன்சர் பக்கம் உருகியிருக்கிறதா, ஆர்ம் மேலே வரும்போது ஒயர் நசுங்குகிறதா என்று பாருங்கள். மீட்டரை மாட்டியபடியே ஒயரை மெதுவாக ஆட்டுங்கள். ரீடிங் குதித்தால் இடம் கிடைத்துவிட்டது.

அடுத்தது உயரம் பார்க்கும் சென்சார். ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சின்னக் குச்சி, இரு முனையிலும் பிளாஸ்டிக் பந்து மூட்டு. இது கழன்றால் கம்ப்யூட்டருக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு நல்ல துப்பு சொல்கிறேன். பல கார்களில் ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்வதும் இதே சென்சார்தான். இரவில் எதிரே வருபவர்கள் டிம் அடிக்கச் சொல்கிறார்கள், கூடவே சஸ்பென்ஷன் விளக்கும் எரிகிறது என்றால் நேராக அந்தக் குச்சியைப் பாருங்கள். மாற்றிய பிறகு ஸ்கேனரில் உயர அளவைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்யாமல் விட்டால் புது சென்சாரும் தப்பாகவே சொல்லும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒன்று. முந்தைய உரிமையாளர் சாதாரண ஷாக் மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் சொருகியிருக்கலாம். விளக்கு எரியாது, மோடு மாறியது போலத் திரை காட்டும், வண்டி மாறாது. வாங்குமுன் ஷாக்குக்கு ஒயர் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்னால் 'டொக்' என்று ஓர் அடி

அதிகப் பணம் வீணாவது இந்த அறிகுறியில்தான், அதனால் நிதானமாகப் போவோம். சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் பிரியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதும், கியரை டி (டிரைவ்) நிலையிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) நிலைக்கு மாற்றும்போதும் வந்தால் அது பெரும்பாலும் இன்ஜினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் வழியில் இருக்கிறது. மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் பக்கம். இரண்டிலும் வந்தால் இரண்டையும் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேமின் புஷ்ஷை (ரப்பர் தாங்கியை) சந்தேகப்படுங்கள்.

முதல் வகைக்கு, வண்டியை லிஃப்டில் தூக்கி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இடமும் வலமும் திருப்புங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்களுக்கு நடுவில் இடைவெளி வேண்டும். ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் முனையில் உள்ள ரப்பர் கப்ளிங்கின் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவில் வெடிப்பு இருக்கிறதா? ஷாஃப்ட் திரும்பி, டிஃபரன்ஷியலின் ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) திரும்பாமல் நிற்கிறதா? ஃபிளாஞ்ச் திரும்பியும் சக்கர ஷாஃப்ட் தாமதமாகத் திரும்புகிறதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும்.

டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்ஷைப் பார்க்க ஒரு வழி. வண்டி அடியில் ஆள் படுத்திருக்கும்போது ஒருபோதும் கியர் போடக்கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு பழைய செல்போனை வீடியோவில் வைத்து, டிஃபரன்ஷியல் தெரியும்படி சப்ஃப்ரேமில் இறுகக் கட்டுங்கள். வண்டி தரையில் இருக்க, பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி, ஆர் என்று நாலைந்து தடவை மாற்றுங்கள். வீடியோவைப் பார்த்தால் டிஃபரன்ஷியலின் மூக்கு எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்துவிடும். லேசாக அசைந்தால் சரி. துள்ளி எதிலாவது இடித்தால் புஷ் போய்விட்டது. சில கார்களில் திரவம் அடைத்த புஷ் வரும். கிழிந்தால் அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.

புஷ் போனது தெரிந்தவுடன் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஓர் ஆசை வரும். கணபதிப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் லேத் இருக்கிறது, அளவு கொடுத்தால் அலுமினியத்திலேயே கடைந்து கொடுத்துவிடுவார்கள், ஏன் ரப்பருக்குக் காத்திருக்க வேண்டும் என்று. கைவேலை அருமையாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ரப்பர், டிஃபரன்ஷியலின் பல் சத்தம் வண்டிக்குள் வராமல் தடுக்கும் வேலையையும் செய்கிறது. உலோகம் போட்டால் 'டொக்' போகும், பதிலுக்கு ஊளை வரும். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்வரும் வண்டிக்கு ரப்பர்தான் சரி.

மேடு பள்ளத்தில் வரும் சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்து தொடங்குங்கள். விலை குறைவு, அதிகம் தேய்வதும் அதுதான். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, பட்டறைத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். சத்தம் நின்றால் லிங்க் அல்லது பார் புஷ். வேகமாக ஓட்டாதீர்கள், வளைவில் வண்டி சாயும். சத்தம் நிற்கவில்லை என்றால் ஷாக்கின் மேல் மவுண்ட், பிறகு ஆர்ம் புஷ்கள்.

புது புஷ் போட்ட ஆறே மாதத்தில் மறுபடி கிழிந்துவிட்டது என்று வருபவர்கள் உண்டு. பல சமயம் புஷ்ஷில் குறையில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கியிருப்பார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். போல்ட்டைக் கையளவு முறுக்கி, ஜாக்கியால் சக்கரத்தை ஓடும் உயரத்துக்குத் தூக்கி, அதன் பிறகே கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது அதிர்வு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டிஃபரன்ஷியலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் நம் பக்கம் இல்லை. எனக்கே நடந்தது. மேலே போகும்போது ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சி முனை பக்கம், பின்சக்கரம் 'டுக்கு டுக்கு டுக்கு' என்று துள்ளியது. நேர்ச் சாலையில் ஒன்றுமில்லை, அடுத்த வளைவில் மறுபடியும். கிரவுன் பல் உடைந்துவிட்டது என்றே பயந்தேன். வண்டியை ஓரம் கட்டி யோசித்தபோதுதான், இரண்டு வாரத்துக்கு முன் வெளியூரில் ஓரிடத்தில் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றியது நினைவுக்கு வந்தது. அங்கே ஊற்றியது சாதாரண 90 கியர் ஆயில்.

காரணம் இதுதான். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உள்சக்கரம் குறைவாக. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில் இரண்டையும் ஓரளவு பிடித்து வைக்க கிளட்ச் தட்டுகள் உண்டு. அவை வழுக்கிக்கொண்டே பிடிக்க வேண்டும். அதற்கென்று ஆயிலில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இருக்கும். அது இல்லாவிட்டால் தட்டுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகரும். அதுதான் அந்தத் துள்ளல்.

தீர்வு எளிது. கார் கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள், பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான் கொள்ளும். சேர்மானம் ஏற்கனவே கலந்த ஆயிலா என்று டப்பாவில் படியுங்கள். கலந்ததில் மறுபடி கலந்தால் தட்டுகள் பிடிக்க வேண்டிய நேரத்திலும் வழுக்கும். வடிக்கும்போது டிரெயின் போல்ட்டின் காந்தத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிற மை போல இருந்தால் இயல்பு. விரலில் குத்தும் துணுக்கு இருந்தால் திறந்து பார்க்க வேண்டிய வண்டி. புது ஆயில் ஊற்றிய பிறகு காலி மைதானத்தில் மெதுவாக எட்டு போடுங்கள், இடமும் வலமும் சமமாக. தட்டுகளுக்கு நடுவில் புது ஆயில் போக வேண்டும். என் வண்டி பத்துப் பன்னிரண்டு எட்டில் அமைதியானது.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் காரில் லிமிடெட் ஸ்லிப் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பல கார்கள் சாதாரண டிஃபரன்ஷியலை வைத்துக்கொண்டு உள்சக்கரத்தில் பிரேக் பிடித்தே அதே வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு இந்த ஆயில் கதை பொருந்தாது. சென்னையில் 2021இலிருந்து பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்படும் பிஎம்டபிள்யூ எம்340ஐ போல நாலு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தால் டயரைப் பாருங்கள். முன்னால் தேய்ந்தது, பின்னால் புதிது என்று கலந்து போட்டால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் இதே அதிர்வைக் கொடுக்கும்.

செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவர்கள் இந்த ஆயிலைக் கால அட்டவணை பார்க்காமல் முன்கூட்டியே மாற்றுங்கள். பிஎம்டபிள்யூவின் எம் கார்களுக்கு முதல் 2,000 கி.மீ.யிலேயே டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். மின்னணுக் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியலில் மோட்டாரோ கம்ப்யூட்டரோ மாற்றினால் ஸ்கேனரில் அளவுப் பதிவும் தேவை.

குறிப்பிட்ட வேகத்தில் ஊளை

அவினாசி ரோட்டில் நிதானமாக ஓட்டிக்கொண்டே கேளுங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல் என்றால் கிரவுன் பினியன் அல்லது பினியன் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் ஒரே குரல், ஆனால் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தால் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். டயரின் உள்பக்க விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், அலை அலையாகத் தட்டுப்பட்டால் அலைன்மென்ட் தப்பு அல்லது ஷாக் பலவீனம். டிஃபரன்ஷியலைக் கழற்றச் சொன்ன இரண்டு வண்டிகளில் இந்த அலை டயரைத்தான் கண்டேன்.

காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கிறது

இது ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களுக்கு. சோப்பு நுரையைத் தெளித்து ரப்பர் பையின் மடிப்பிலும் குழாய் மூட்டிலும் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. தள்ளிப்போடாதீர்கள். ஓட்டையை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, அதுவும் கருகும். வண்டியின் அடியில் குனியும் முன் கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள்.

ஆயில் கசிவு

ஷாக் கம்பியில் லேசான ஈரப்படலம், அதில் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக வழிந்தால்தான் மாற்ற வேண்டும், ஜோடியாக. ஆனால் அது ஷாக் ஆயில்தானா என்று முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை மூக்கைத் துளைத்தால் அது டிஃபரன்ஷியல் ஆயில், ஓட்டத்தில் தெறித்து ஷாக்கில் ஒட்டியிருக்கிறது.

அப்போதும் உடனே சீல் மாற்றாதீர்கள். டிஃபரன்ஷியலின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். சப்ஃப்ரேமுக்கும் பாடிக்கும் நடுவில் ஒளிந்திருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. செம்மண் தூசி அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே காற்று விரிந்து, போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். ஒரே வண்டிக்கு மூன்று தடவை சீல் மாற்றிக் கசிவு நிற்காமல், நாலாவதாக எங்களிடம் வந்தது. மூச்சுக்குழாயில் இருந்த மண்ணைக் குத்தி எடுத்த பிறகு போட்ட சீல் இன்றும் நிற்கிறது.

கால் டேங்க் இருக்கும்போதே மலையேற்றத்தில் இன்ஜின் திக்குகிறது

இது டிஃபரன்ஷியல் பழுது இல்லை, அதற்கு இடம் விட்டதன் விளைவு. சேண வடிவ டேங்கில் இரண்டு பள்ளங்கள், பம்ப் ஒரு பக்கம்தான். மறுபக்கப் பெட்ரோலை ஒரு சின்ன ஜெட் பம்ப் உறிஞ்சிக் கொடுக்கும். அது அடைத்தால் கேஜில் பெட்ரோல் காட்டும், பம்ப் காற்றைக் குடிக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை வராமல், குறையும்போது மட்டும் வந்தால் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும்

ஆர்ம் எதைக் கழற்றியிருந்தாலும் அலைன்மென்ட் செய்யுங்கள். அப்புறம் நான் வண்டியை மருதமலை வரை ஓட்டிவிட்டு வருவேன், வழியில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. திரும்பி வந்தவுடன் வெப்பம் அளக்கும் துப்பாக்கியை ஒவ்வொரு ஷாக் உடம்பிலும் காட்டுவேன். வேலை செய்த ஷாக் சுடும், ஏனென்றால் சக்கரத்தின் ஆட்டத்தை அது வெப்பமாக்கித்தான் அடக்குகிறது. இடது, வலது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது உழைக்கவில்லை. பின்பக்கம் அளக்கும்போது சைலன்சர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்க ஷாக் எப்படியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.